உள்ளரங்க மாதிரி விமானம் கட்ட எந்தப் பலகை?

ரப்பர் முறுக்கில் பறக்கும் லிமிட்டெட் பென்னிபிளேன் என்ற போட்டி வகை விமானம் ஒன்றைச் சென்னையில், வீட்டு மேசையில் கட்டிக்கொண்டிருக்கிறேன். இறக்கை 18 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. ரப்பர் நீங்கலாக எடை 3.1 கிராமுக்குக் குறையவும் கூடாது. வரைபடம், பால்சா என்னும் லேசான மரக்குச்சிகள் எல்லாம் தயார். அடியில் போடும் பலகைதான் அமையவில்லை.

ஒன்றரை மில்லிமீட்டர் குச்சிகளை வரைபடத்தின் மேல் வைத்து, இருபுறமும் குண்டூசி குத்தி நிறுத்தி ஒட்ட வேண்டும். பிளைவுட்டில் ஊசி வளைகிறது. தெர்மாகோலில் சுலபமாக இறங்குகிறது, ஆனால் நிற்பதில்லை. போதாததற்கு, அசிட்டோன் கலந்த பசை ஒரு சொட்டு வழிந்தாலும் அந்த இடம் கரைந்து குழியாகிவிடுகிறது. அறிவிப்புப் பலகைக்கான கார்க் ஓரளவு தேவலாம். ஆனால் அதன் மேல் ஸ்கேலை நிமிர்த்தி வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரிகிறது. அந்தப் பள்ளம் அப்படியே இறக்கைக்கு வந்து, பலகையிலிருந்து எடுத்ததும் ஒரு முனை முறுக்கிக்கொண்டு நிற்கிறது. இவ்வளவு லேசான விமானத்தில் வேண்டாத முறுக்கு கொஞ்சம் இருந்தாலும் அது பறக்கும் வட்டம் கெட்டுவிடும்.

கண்ணாடி நல்ல மட்டம்தான். ஊசிக்குப் பதில் சிறு எடைகள் வைத்தேன். விரல் பட்டாலே நகர்கின்றன. ஜிப்சம் பலகை கேட்டால், முழுத் தகடாகத்தான் தருவேன் என்கிறார் கடைக்காரர். அதை வைக்க இன்னொரு வீடு பார்க்க வேண்டும்.

இரண்டடிக்கு ஓரடி போதும்: மட்டமாகவும் இருந்து, ஊசியையும் பிடித்து, அசிட்டோனையும் தாங்கும் பலகை எது?