அங்கன்வாடியைச் சுகாதாரத் துறையோடு சேர்க்கலாமா?

வைகைக்கரை:
அங்கன்வாடி சமூக நலத்துறையில் இருக்கிறது, கிராம சுகாதார செவிலியர் சுகாதாரத் துறையில். என் அக்கா மகளுக்கு ஒன்றரை வயது. அங்கன்வாடி டீச்சர் மாதாமாதம் எடை போட்டு போஷன் டிராக்கர் செயலியில் ஏற்றுகிறார். தடுப்பூசி நாளில் நர்ஸும் எடை போட்டுத் தன் பதிவேட்டில் எழுதுகிறார். மூன்று மாதமாக எடை ஏறவே இல்லை. இரண்டு பேரும் எழுதி வைத்திருக்கிறார்கள், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் சுகாதாரத் துறையிடமே கொடுத்துவிடலாம் என்பது என் கட்சி.

மஞ்சள்பை:
பத்து வருடமாக அங்கன்வாடியில் இருக்கிறேன். உங்கள் கோபம் நியாயம்தான், கேட்கும் தீர்வுதான் சரியில்லை. எங்களைச் சுகாதாரத் துறையில் சேர்த்தால் நர்ஸுக்கு எடுபிடி ஆகிவிடுவோம். பாட்டும் கதையும்தான் முதலில் காணாமல் போகும். சாப்பாடு, முன்பருவக் கல்வி, தடுப்பூசி, பரிசோதனை எல்லாம் சேர்ந்து கிடைக்க வேண்டும் என்றுதானே 1975இல் இந்த அங்கன்வாடித் திட்டத்தையே தொடங்கினார்கள்?

வைகைக்கரை:
அப்படியிருந்தும் எங்கள் பிள்ளை ஏன் யார் கண்ணிலும் படவில்லை?

மஞ்சள்பை:
இரண்டு வாரத்துக்கு முன் ஒரு பையனின் மேல்கையில் அளவு நாடா சுற்றினேன். சிவப்பு. 11.5 செ.மீ.க்கும் கீழே, அதாவது கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. சீட்டு எழுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினேன். அங்கிருந்து ஒரு தகவலும் இல்லை. ஒருநாள் கூலி போய்விடும் என்று அவன் அம்மா போகவே இல்லையாம், நேற்று ரேஷன் கடை வரிசையில்தான் சொன்னார். துறையை மாற்றினால் இது மாறிவிடுமா?

துணைநிலையம்:
நான் செவிலியர். டீச்சர், அந்தப் பெயரை உங்கள் ஊர் நர்ஸிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே வீட்டுக்குப் போயிருப்பார். எங்கள் ஊரில் ஊட்டச்சத்து நாளன்று இரண்டு பதிவேட்டையும் ஒரே மேசையில் விரித்து, பெயர் பெயராகப் பார்க்கிறோம். முதல் தடவையே நாலு பிள்ளைகளின் எடை ஒத்துப்போகவில்லை. தராசில் கோளாறு. ஆனால் இதெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டது. நான் மாறுதலாகிப் போனால் அன்றோடு நின்றுவிடும். இதை உத்தரவாகவே போட வேண்டும்.

வைகைக்கரை:
சரி, துறைகளைச் சேர்க்கும் பேச்சை விடுகிறேன். பதிவேடு மட்டும் ஒன்றாகத்தான் வேண்டும். அதை விட மாட்டேன்.

மஞ்சள்பை:
பதிவேட்டுக்கு எனக்கும் சம்மதம். சீட்டின் மறுபாதியில் டாக்டர் எழுதி எனக்குத் திருப்பி அனுப்ப வேண்டும், அதையும் உத்தரவில் சேருங்கள். நர்ஸிடம் இப்போதுதான் போனில் பேசினேன். நாளைக் காலை எட்டு மணி பஸ்ஸில் அந்தப் பையனை நானே கூட்டிப் போகிறேன்.