வேலூர்ச் செய்திகளும் நடைக் கையேடும்: தினமும் இடறும் இடங்கள்

சத்துவாச்சாரி டெஸ்க்:
செய்தி எழுத வருகிற தம்பி தங்கைகள் முதலில் கேட்பது, "எந்த நடைக் கையேடு வாங்கலாம்?" என்பதுதான். ஒற்று, நிறுத்தற்குறி, சொல் பிரிப்பு இவற்றுக்கு மொழி அறக்கட்டளையின் 'தமிழ் நடைக் கையேடு' கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பொருள் பார்க்க க்ரியா அகராதி, 2020-இல் வந்த மூன்றாம் பதிப்பு. ஆங்கிலத்திலும் எழுதுகிறவர்கள் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் ஏ.பி. ஸ்டைல்புக்கைப் பழகிக்கொள்ளலாம். ஆனால் ஆம்பூர் எந்த மாவட்டம் என்று இவற்றில் எதுவும் சொல்லாது. அதற்கு நாலு பக்கத்தில் நம் ஊர்த் தாள் ஒன்று தயாராக வேண்டும்.

தாளின் முதல் பக்கம் முழுக்க ஊர்ப் பெயர்தான். பழைய வட ஆற்காடு 1989-இல் இரண்டானது. மிஞ்சிய வேலூர் மாவட்டம் 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். ஆற்காடு, வாலாஜாபேட்டை, அரக்கோணம், சோளிங்கர் ராணிப்பேட்டை மாவட்டம். காட்பாடியும் குடியாத்தமும் பழையபடி வேலூர் மாவட்டத்திலேயே இருக்கின்றன. பழைய செய்தியைத் திறந்து அதன் மேலேயே புதிதாக எழுதும்போதுதான் "வேலூர் மாவட்டம் ஆம்பூர்" உள்ளே வந்துவிடுகிறது.

தேர்தல் நேரத்தில் இது இன்னும் சிக்கலாகும். ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டம், ஆனால் வேலூர் மக்களவைத் தொகுதி. காட்பாடி வேலூர் மாவட்டம், ஆனால் அரக்கோணம் தொகுதி. திருப்பத்தூரும் ஜோலார்பேட்டையும் திருவண்ணாமலை தொகுதி. மாவட்டத்தை வைத்துத் தொகுதியை ஊகித்து எழுதவே கூடாது. வாலாஜாபேட்டையை 'வாலாஜா' என்று சுருக்கினால் காஞ்சிபுரம் மாவட்டத்து வாலாஜாபாத்தோடு குழம்பும். சிவகங்கை மாவட்டத்திலும் ஒரு திருப்பத்தூர் இருப்பதால் மாவட்டப் பெயர் இல்லாமல் திருப்பத்தூர் என்று தலைப்பு வைக்காதீர்கள்.

குடியாத்தம் பகுதி நிருபர்:
சார், ராணிப்பேட்டையா, இராணிப்பேட்டையா? அரசு அறிக்கை எல்லாம் 'இ' போட்டுத்தான் வருகிறது.

சத்துவாச்சாரி டெஸ்க்:
இரண்டும் பிழையல்ல. பேச்சில் வருவதும் பத்திரிகை வழக்கும் 'ராணிப்பேட்டை' என்பதால் தாளில் அதை எழுதிவைத்தால் போதும். ஒரே செய்தியில் தலைப்பில் ஒன்று, உள்ளே ஒன்று என்று வருவதுதான் தவறு. 'வேலூர்க் கோட்டை', 'வேலூர் கோட்டை' விஷயமும் அப்படித்தான். எதையாவது ஒன்றை முடிவு செய்துவிடுங்கள். இரவு பத்து மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போகிற நேரத்தில் இதற்கு யாரும் யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது.

குடியாத்தம் பகுதி நிருபர்:
சரிங்க சார். அளவுகளைப் பற்றி நான் போடுகிறேன், எங்கள் பக்கம் அதிகம் தவறுவது அங்கேதான்.

மழை பெய்தாலே 'கனமழை' என்று எழுதிவிடுகிறோம். வானிலைத் துறையின் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை பெய்தால்தான் கனமழை. 204.4 வரை மிக கனமழை, அதற்கும் மேல் அதி கனமழை. 40 மி.மீ. என்பது மிதமான மழைதான். கணக்கு காலை 8.30 மணியோடு முடிவதால் 'நேற்று பெய்த மழை' என்று எழுதும்போது எந்த 24 மணி நேரம் என்பதையும் சேர்க்க வேண்டும்.

மோர்தானா அணையில் '100 கன அடி தண்ணீர் திறப்பு' என்றால் அது வெறும் 2,800 லிட்டர் தண்ணீரைப் போல ஆகிவிடும். 'விநாடிக்கு' என்ற சொல் விடுபடவே கூடாது. விநாடிக்கு இத்தனை கன அடி என்பது ஓட்டத்தின் வேகம், டி.எம்.சி. இருப்பின் அளவு. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால்தான் ஒரு டி.எம்.சி. சேரும். அதிகாரி சொன்ன எண் சரியா என்று பார்க்க இந்த ஒரு எண்ணை மனதில் வைத்திருந்தாலே போதும்.

அடுத்து நம் ஊர் வெயில். வாசகர் ஃபாரன்ஹீட்டில் பழகியவர், வானிலை மையம் செல்சியஸில் தருகிறது. 40 டிகிரி செல்சியஸ் என்றால் 104 ஃபாரன்ஹீட், இதில் யாரும் தவறுவதில்லை. 'இயல்பைவிட 3 டிகிரி செல்சியஸ் அதிகம்' என்று வரும்போதுதான் பிசகுகிறது. வித்தியாசத்தை மாற்றும்போது 1.8-ஆல் பெருக்கினால் போதும், 32-ஐக் கூட்டக் கூடாது. சரியான விடை 5.4 டிகிரி. கைபேசியில் மாற்றிப் பார்த்தால் 37.4 என்று காட்டும். அதை அப்படியே எழுதினால் வேலூர் வெந்துபோயிருக்கும்.

பழைய ப்ரூஃப்:
தம்பி அளவைச் சொன்னார், நான் வாக்கியத்துக்கு வருகிறேன். தினமும் வருகிற மாதிரி ஒரு முதல் பத்தி:

"வேலூர் மாவட்டம் ஆம்பூர் அடுத்த கிராமத்தில் பெய்த கனமழையின் காரணமாக பாலாற்றில் வெள்ளப்பெருக்கு ஏற்பட்டதை தொடர்ந்து 12 வீடுகள் சேதமடைந்தது என பொதுமக்கள் வேதனையுடன் தெரிவித்தனர்."

மாவட்டம் தவறு என்பதை மேலேயே சொல்லிவிட்டார்கள். 'ஆம்பூர் அடுத்த' இல்லை, 'ஆம்பூரை அடுத்த'. 'ஐ' உருபைத் தின்றுவிடுவது செய்தித் தமிழுக்கே உரிய நோய், 'குடியாத்தம் அடுத்த' என்பதும் அதே வகை. கிராமத்தின் பெயர் எங்கே? 'காரணமாகப் பாலாற்றில்', 'ஏற்பட்டதைத் தொடர்ந்து' என்று ஒற்று வேண்டும். 'வீடுகள்' பன்மை, எனவே 'சேதமடைந்தன'. 'வேதனையுடன்' என்பது நிருபரின் ஊகம். வீடுகளின் எண்ணிக்கையை வி.ஏ.ஓ.வோ தாசில்தாரோ சொல்லியிருக்க வேண்டும்.

பெரிய பிழை இலக்கணத்தில் இல்லை, காரணத்தில் இருக்கிறது. பாலாறு கர்நாடகத்தில் தோன்றி, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடிப் பக்கம் தமிழ்நாட்டுக்குள் வருகிறது. மேலே பெய்த மழைக்கும் இங்கே வெள்ளம் வரும். அந்தக் கிராமத்து மழையால்தான் வெள்ளம் என்று யார் சொன்னது? கேட்டுத் தெரியவில்லை என்றால் காரணத்தை விட்டுவிடலாம். "பாலாற்று வெள்ளத்தில், ஆம்பூரை அடுத்த இன்ன கிராமத்தில் 12 வீடுகள் சேதமடைந்தன என்று தாசில்தார் தெரிவித்தார்." நீளமும் குறைந்துவிட்டது.

ஒற்றுக்கு முழு இலக்கணமும் தெரிய வேண்டாம், முக்கால்வாசியைச் சரிசெய்ய இவ்வளவு போதும். 'ஐ', 'கு' உருபுகளுக்குப் பின் மிகும்: கோட்டையைச் சுற்றி, ஆற்காட்டுக்குச் சென்ற. 'எடுத்து, கேட்டு, விற்று' போல வல்லெழுத்து இரட்டித்து முடியும் வினையெச்சத்துக்குப் பின்னும் மிகும்: எடுத்துச் சென்றார். 'வந்து, செய்து, என்று' இவற்றுக்குப் பின் மிகாது. 'என்றுக் கூறினார்' என்று ஒற்றைச் சேர்ப்பது விடுவதைவிட மோசம்.

ஒற்று பொருளையே மாற்றுகிற இடம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. பழைய வட ஆற்காட்டில், முக்கியமாகச் செங்கம் பகுதியில், நடுகற்கள் நிறைய. 'நடுக்கல் கண்டெடுப்பு' என்று எழுதினால் நடுவில் இருக்கும் கல். நட்ட கல் என்றால் 'நடுகல்', வினைத்தொகையில் ஒற்று வராது. மாண்ட வீரனுக்காக நட்ட கல்லை ஓர் எழுத்தால் வெறுங்கல்லாக்கிவிடக் கூடாது.

தொரப்பாடி:
நீதிமன்ற, காவல் செய்திகளில் சொல் தவறினால் ஒரு மனிதரின் வாழ்க்கையே தவறிப்போகும். தீர்ப்பு வரும்வரை 'குற்றம்சாட்டப்பட்டவர்', தீர்ப்புக்குப் பிறகுதான் 'குற்றவாளி'. சிறையில் இருப்பவர் எல்லாரையும் ஒரே மாதிரி 'கைதி' என்று எழுதாமல் விசாரணைக் கைதி, தண்டனைக் கைதி என்று பிரித்து எழுதுங்கள். ஜாமீனில் வந்தவரை 'விடுதலை' என்று எழுதினால் வழக்கே முடிந்துவிட்டதாகப் படிப்பார்கள். கைதான பெண்ணை 'வேலூர் மத்திய சிறையில் அடைத்தனர்' என்று பழக்கத்தில் எழுதுகிறார்கள். இங்கே பெண்களுக்குத் தனிச் சிறை இருக்கிறது. 18 வயது ஆகாதவர்களை அனுப்புவது கூர்நோக்கு இல்லத்துக்கு.

சட்டப் பிரிவுகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. கொலைக்கு 302 போய் 103 வந்தது, ஏமாற்று வழக்குக்கு 420 போய் 318. ஆனால் 2023-இல் நடந்த கொலைக்கு இன்று தீர்ப்பு வந்தாலும் பிரிவு 302-தான். குற்றம் நடந்த தேதியைப் பாருங்கள், செய்தி வருகிற தேதியை அல்ல.

போக்சோ வழக்கில் 23-ஆம் பிரிவின்படி குழந்தையின் பெயர், முகவரி, படம், பள்ளி, குடும்ப விவரம் எதையும் வெளியிடக் கூடாது. பெயரை மட்டும் எடுத்துவிட்டு, கிராமம், வகுப்பு, தந்தையின் தொழில் மூன்றையும் விட்டுவைத்தால் ஊரே கண்டுபிடித்துவிடும். சின்ன ஊர்களில் தாலுகா பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கோட்டைவெளி:
தொரப்பாடி அண்ணன் சொன்னதோடு 'என்றார்' பற்றியும் சேர்க்கலாம். 'என்றார்', 'கூறினார்' இரண்டும் எந்தப் பக்கமும் சாயாத சொற்கள். 'ஒப்புக்கொண்டார்' என்றால் அது உண்மை என்று நாமே முத்திரை குத்துகிறோம். போலீஸிடம் ஒருவர் சொன்னதாக வருவதற்கு இந்தச் சொல் ஆகவே ஆகாது. 'சுட்டிக்காட்டினார்' என்பதும் அப்படியே, இருக்கிற ஒன்றைத்தானே சுட்டிக்காட்ட முடியும்?

பேச்சை மேற்கோளாகப் போடுவதில் ஓரவஞ்சனை வரக் கூடாது. வெள்ளத்தில் நின்ற அம்மா "வூட்டுக்குள்ள தண்ணி வந்துட்ச்சு" என்றதை அப்படியே போட்டுவிட்டு, பக்கத்தில் நின்று பேச்சுத் தமிழில் பேசிய அதிகாரியை மட்டும் மேடைத் தமிழில் எழுதுவது நியாயமில்லை. இருவருக்கும் பேச்சு நடை, அல்லது இருவருக்கும் எழுத்து நடை. மேற்கோள்குறிக்குள் சொல்லை மாற்ற வேண்டி வந்தால் குறியை எடுத்துவிட்டு அயற்கூற்றாக எழுதுங்கள்.

சத்துவாச்சாரி டெஸ்க்:
இதையும் தாளில் ஏற்றிவிடலாம். அனுப்புவதற்கு முன் கணினியில் தேட வேண்டிய சொற்கள்: 'அடுத்த', 'வேலூர் மாவட்டம்', 'மற்றும்', 'நேற்று'. கடைசியாக 'து.' என்று தேடி, ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாய் 'கள்' என்று முடிகிறதா பாருங்கள். 'பணிகள் நடைபெற்றது' இங்கேதான் மாட்டும்.

இணையத்தில் 'நேற்று' நிற்காது, கிழமையும் தேதியும் போடுங்கள். 'நள்ளிரவு' அதைவிட ஆபத்து. ஜூலை மாதம் வேலூர்ப் புரட்சி பற்றி எழுதும்போது '1806 ஜூலை 10 நள்ளிரவு' என்று போட்டால், பத்தாம் தேதி முடிகிற இரவு என்று படிப்பார்கள். புரட்சி வெடித்தது ஒன்பதாம் தேதி இரவு கழிந்த அதிகாலையில். பத்தாம் தேதி பகலிலேயே ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து அடக்கிவிட்டது. 'ஜூலை 10 அதிகாலை' என்று எழுதுங்கள்.