ஒரே ஏரிக்கு ஆயிரம் ஏரின்னு பேரு

ஃப்ரெஞ்சு பேரு வச்ச ஏரி எதுக்காச்சும் போய் முழிச்ச அனுபவம் இருந்தா சொல்லுங்க மக்களே. மினியாபொலிஸ் வந்த புதுசுல மிலாக்ஸ் போலாம்னு கூட்டிட்டுப் போனாங்க, அந்தப் பேரு ஃப்ரெஞ்சுல ஆயிரம் ஏரின்னு அர்த்தமாம், அங்க போய் பார்த்தா ஒத்த ஏரி, 500 சதுர கிலோமீட்டருக்கு மேல கடல் மாதிரி கிடக்கு. மொதல்ல ஃப்ரெஞ்சுக்காரங்க அந்த வட்டாரத்துக்கே வச்ச பேரு, கடைசில ஒரு ஏரி மேல ஒட்டிக்கிச்சு. அங்கத்த பூர்வகுடி ஓஜிப்வே மக்கள் பெரிய ஏரின்னுதான் சொல்றாங்க, அதுதான் நியாயம்.

---

எங்களுக்கு லாக் கி பார்ல், மேற்கு மினசோட்டால. பேசுற ஏரின்னு அர்த்தம், டகோட்டா மக்கள் வச்ச பேரை ஃப்ரெஞ்சுக்காரங்க அப்படியே மாத்திக்கிட்டாங்க. ஏரி எங்கயாச்சும் பேசுமான்னு சிரிச்சுட்டேதான் அக்டோபர் கடைசில போனோம், கார் கதவைத் திறந்ததும் காட்டு வாத்து சத்தம் பாருங்க, ஆயிரக்கணக்குல, கல்யாண மண்டபத்துல பந்திக்கு விட்ட மாதிரி ஒரே கலகலன்னு, பக்கத்துல நின்ன வீட்டுக்காரர் பேசுறதே கேக்கல. சிலர் அதனாலதான் இந்தப் பேருங்கிறாங்க, சிலர் ஐஸ் விரிசல் விடுற சத்தம்ங்கிறாங்க. ஐஸையும் விட்டுடாதீங்க, ஜனவரில வேற ஒரு ஏரி மேல நின்னப்போ காலுக்கு அடியில டொம்முனு ஒண்ணு ஓடுச்சு, அக்கரை வரைக்கும் போச்சு, நான் பையனை இடுப்புல தூக்கிட்டு கரைக்கு ஓடிட்டேன். மீன் பிடிச்சிட்டிருந்த தாத்தா திரும்பிக்கூட பாக்கல 😂

---

அக்கா செம 😂 நான் லேக் சுப்பீரியர்னா மத்த ஏரியை விட ஒசத்தின்னு திமிரா வச்ச பேருன்னே ரொம்ப நாள் நெனச்சேன். ஃப்ரெஞ்சுல சும்மா மேல இருக்கிற ஏரி, ஹ்யூரான் ஏரிக்கு மேல, நம்ம மேலத்தெரு கீழத்தெரு மாதிரி. ஆனா 82,000 சதுர கிலோமீட்டர், திமிரு இருந்தாலும் தப்பில்ல.

---

நியூ ஆர்லியன்ஸ் பக்கம் பான்சர்ட்ரெயின் இருக்கு. 1699ல இபெர்வில்னு ஒருத்தர் 14ம் லூயியோட கடற்படை மந்திரி பேரை வச்சுட்டார், மந்திரி அந்தப் பக்கமே எட்டிப் பாக்கல. அது சரியான ஏரிகூட இல்ல, கடலோட சேர்ந்த உப்புத்தண்ணி. மேல 38 கிலோமீட்டர் பாலம், நடுவுல வந்தா ரெண்டு பக்கமும் கரையே தெரியாது, அன்னைக்குன்னு பார்த்து எனக்கு பெட்ரோல் லைட் எரிஞ்சுது.

---

டெட்ராய்ட் ஆளு நான். 1679 ஆகஸ்ட் 12, செயின்ட் கிளேர் அம்மாவோட திருநாள் அன்னைக்கு லா சால்ங்கிற ஃப்ரெஞ்சு பயணியோட கப்பல் வந்து சேர்ந்த ஏரி, அவங்க பேரையே வச்சாங்க. இப்போ போர்டுல Claire-ங்கிற பொம்பளை பேரு Clair-னு எழுத்து மாறி செயின்ட் கிளேர் ஆம்பளை ஆயிட்டார். பெட்ரோல் கதை என்னாச்சு ப்ரோ, கரை சேந்தீங்களா?

---

சேந்தேன், கரையில இறங்கின மொத பங்க்ல மூச்சு விட்டேன்.