புதுப்பிப்பு: லண்டனில் வாங்கிய எலும்புக்கூடு பதக்கம்

லண்டனில் மகள் வீட்டுக்குப் போனபோது பழஞ்சாமான் சந்தையில் ஒரு பதக்கம் வாங்கியதாகப் போன மாதம் எழுதியிருந்தேன். ஒரு பக்கம் எலும்புக்கூடு டிக்கெட் விற்கிறது, மறுபக்கம் கப்பல் மூழ்குகிறது. விஷயம் தெரிந்துவிட்டது.

அது லூசிடானியா. 1915 மே 7 அன்று ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கி மூழ்கிய பிரிட்டிஷ் பயணிகள் கப்பல். இறந்தவர்கள் ஏறக்குறைய 1,200 பேர். கப்பல் கம்பெனியின் பேராசையைக் கேலி செய்து ஜெர்மனியின் மியூனிக் நகரக் கலைஞர் கார்ல் கோட்ஸ் இதைச் செய்தார். ஆனால் தேதியை மே 5 என்று தவறாகப் போட்டுவிட்டார். பிரிட்டன் விடுமா? முன்கூட்டியே திட்டமிட்ட படுகொலை, பாருங்கள் என்று லட்சக்கணக்கில் நகல் எடுத்துப் பெட்டியோடு விற்றது!

சரி, என்னுடையது எது? வேலூர் லாங்கு பஜாரில் தெரிந்த நகைப்பட்டறை அண்ணன் காந்தத்தை வைத்தார். கப்பென்று ஒட்டியது. "இரும்பு சார்" என்றார். ஜெர்மன் மூலத்தில் மாதம் 'மாய்'. இதில் ஆங்கில 'மே'. ஆக, பிரிட்டிஷ் நகல்தான்.

கம்மவான்பேட்டை மாமா பழைய பட்டாளத்துக்காரர். "எதிரி அடிச்சதை இவனே அடிச்சு வித்தானா?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அந்தப் பெட்டி கிடைக்கவில்லையே என்பதுதான் வருத்தம்.