ரீப்பரில் பாடும்போது என் குரல் பிந்திக் கேட்கிறது, 96000-க்கு மாற்ற வேண்டுமா?

ஒருகட்டை:
வணக்கம். கர்நாடக சங்கீதம் கற்றுக்கொள்கிறேன், பாடியதைப் பதிவுசெய்து குருவுக்கு அனுப்ப வேண்டும். விண்டோஸ் லேப்டாப், சின்ன யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு கண்டென்சர் மைக் இருக்கிறது. ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் தம்புரா டிராக்கை ஓடவிட்டுப் பாடினால் ஹெட்போனில் என் குரல் கொஞ்சம் பிந்தி வருகிறது, தாளமே நிற்க மாட்டேன் என்கிறது. சாம்பிள் ரேட்டை 96 கிலோஹெர்ட்ஸ், அதாவது 96000 வைத்தால் தரமும் கூடும், தாமதமும் போய்விடும் என்று ஒருவர் சொன்னார். உண்மையா? 16 பிட்டா 24 பிட்டா என்பதும் புரியவில்லை. அலை வேறு மெலிந்து தெரிகிறது, கெயினை (மைக் ஒலியைக் கூட்டும் திருகு) மீட்டரில் சிவப்பு வரை ஏற்றலாமா?

மிக்ஸர்மேசை:
முதலில் தாமதத்தைச் சரிசெய்யுங்கள், அது பஃபர் சமாச்சாரம். கம்ப்யூட்டர் ஒலியை ஒவ்வொரு சாம்பிளாக (ஒலியை அளந்து எடுக்கும் ஒவ்வொரு அளவீடாக) கையாளுவதில்லை, ஒரு கட்டு சேர்ந்த பிறகுதான் வாங்கும், அதேபோல் கட்டாகத்தான் திருப்பித் தரும். அந்தக் கட்டின் அளவுதான் பஃபர். நொடிக்கு 48000 சாம்பிள் எடுக்கும்போது பஃபர் 1024 என்றால் ஒரு கட்டுக்கே 21 மில்லிசெகண்ட், உள்ளே வர ஒன்று வெளியே போக ஒன்று என்று 40-ஐத் தாண்டிவிடும், பாடுகிறவருக்கு அது நன்றாகவே தெரியும். 128 வைத்தால் ஒரு கட்டு 2.7 மில்லிசெகண்ட்தான்.

ரீப்பரின் பிரிஃபரன்ஸஸில் ஆடியோ, டிவைஸ் என்ற பக்கத்துக்குப் போய் ஏசியோவைத் தேர்ந்தெடுங்கள், உங்கள் இன்டர்ஃபேஸ் தயாரிப்பாளர் கொடுக்கும் டிரைவரையே போடுங்கள். ஏசியோ ஸ்டைன்பெர்க் நிறுவனம் கொண்டுவந்த முறை, விண்டோஸின் சொந்த மிக்ஸர் வழியே போகாமல் நேராக இன்டர்ஃபேஸுடன் பேசும். 128-இல் டிக் டிக் என்று சத்தம் வந்தால் 256. பதிவு முடிந்து மிக்ஸ் செய்ய உட்காரும்போது 1024-க்கே போய்விடலாம், அங்கே தாமதம் ஒரு பொருட்டில்லை.

96000-இல் அதே 128 சாம்பிள் பாதி நேரத்தில் தீர்ந்துவிடும் என்பது சரிதான். ஆனால் கம்ப்யூட்டருக்கு வேலை இரட்டிப்பு, ஃபைலும் இரட்டிப்பு. பஃபரைக் குறைத்தாலே போதும் எனும்போது அது தேவையில்லை. இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் பட்டன் (குரலைக் கம்ப்யூட்டர் வழியே சுற்றாமல் நேராக ஹெட்போனுக்குத் தருவது) இருந்தால் அதைப் போட்டுவிட்டு ரீப்பரில் அந்த டிராக்கின் மானிட்டரிங்கை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் குரல் இரண்டு முறை கேட்கும்.

பழையடேப்:
மேலே சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். 44100 வைத்தால் அதில் பாதி, 22050 ஹெர்ட்ஸ் வரை பதிவாகும், மனிதக் காதுக்கு 20000-தான் எல்லை. இந்த விசித்திரமான எண் வந்ததே வீடியோ டேப்பிலிருந்து. சிடிக்கு முன்னால் டிஜிட்டல் ஒலியை வீடியோ ரெக்கார்டரில்தான் எழுதினார்கள்: வரிக்கு 3 சாம்பிள், ஃபீல்டுக்கு (வீடியோவின் அரைப்படத்துக்கு) 245 வரி, நொடிக்கு 60 ஃபீல்டு, பெருக்கினால் 44100. படத்துக்கு, வீடியோவுக்கு 48000 வழக்கம். நீங்கள் யூடியூபில் போடுவதாக இருந்தால் 48000, இல்லையென்றால் எதுவானாலும் சரி.

உண்மையில் கவலைப்பட வேண்டியது பிட், அதாவது ஒவ்வொரு சாம்பிளையும் எவ்வளவு நுணுக்கமாக எழுதுகிறது என்பது. மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி ஒரு பிட்டுக்குச் சுமார் 6 டெசிபல், ஆக 16-க்கு 96, 24-க்கு 144. 24 பிட் வையுங்கள், அப்புறம் கெயினைச் சிவப்பு வரை ஏற்றவே தேவையில்லை. உங்கள் பாட்டில் மேல்ஸ்தாயி பஞ்சமம் வருமானால் அந்த இடத்தை முழுத் தொண்டையில் பாடிப் பார்த்து, மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி கெயினை நிறுத்துங்கள். பூஜ்யத்தைத் தொட்டால் அலையின் தலை வெட்டுப்படும், அதை எந்த மென்பொருளும் முழுசாகத் திருப்பித் தராது. மெலிந்த அலையைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். ஒன்று மட்டும், ஃபேனை நிறுத்திவிட்டுப் பாடுங்கள், அந்த இரைச்சலை 24 பிட் குறைக்காது.

ஒருகட்டை:
ஏசியோ, 128, டைரக்ட் மானிட்டர் மூன்றும் செய்தேன், தாமதம் போயே போய்விட்டது, ரொம்ப நன்றி! தம்புரா ஃபைல் 44100, பிராஜெக்டை 48000 ஆக்கினால் சுருதி மாறுமா?

மிக்ஸர்மேசை:
மாறாது, ரீப்பர் தானே மாற்றிக்கொள்ளும். எங்காவது 44100 ஃபைலை 48000 என்று தப்பாக எடுத்துக்கொண்டு ஓட்டினால்தான் வேகமும் சுருதியும் சேர்ந்து ஏறும், உங்கள் ஒரு கட்டைச் சுருதி ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில் போய் நிற்கும், கேட்டதுமே தெரிந்துவிடும். குருவுக்கு எம்பி3 அனுப்புங்கள், வேவ் ஃபைலை மட்டும் அழிக்காதீர்கள். எம்பி3-இல் போனது திரும்பி வராது.