அட்ரிபியூஷன் என்பதற்குக் "காரண ஏற்றம்": ஒரு முன்மொழிவு

அன்புடையீர்,

ஒருவர் செய்த செயலைக் கண்டு, அது ஏன் நிகழ்ந்தது என்று நாம் மனத்தில் ஒரு காரணத்தை வருவித்து, அதை அவருடைய இயல்பின்மேலோ அவர் இருந்த சூழ்நிலையின்மேலோ வைக்கிறோம். சமூக உளவியல் அட்ரிபியூஷன் என்று அழைப்பது இதைத்தான். இதற்குத் தமிழில் எந்தச் சொல் பொருந்தும் என்று நம்மிடையே நடக்கும் உரையாடலில் பேசப்பட்ட "பண்பேற்றம்", "சாட்டுதல்", "காரணம் கற்பித்தல்" ஆகிய மூன்றில் முதலாவதை எளிதில் விலக்கிவிடலாம். ஓர் அலையின் பண்பைச் செய்திக்கேற்ப மாற்றும் மாடுலேஷன் என்னும் பொருளில் அது இயற்பியலில் நிலைபெற்றுவிட்டது. அன்றியும் சூழ்நிலையைக் காரணமாகக் கொள்வதைப் "பண்பு" என்ற சொல் தொடுவதே இல்லை.

"சாட்டுதல்" தமிழில் பழியோடு பிறந்த சொல். தோல்விக்குச் சூழ்நிலையைச் சாட்டினார் என்று எழுதலாம். வெற்றிக்குத் தன் திறமையைச் சாட்டினார் என்று எவரும் எழுதமாட்டார். ஆனால் வெற்றி வந்தால் தன்னாலும் தோல்வி வந்தால் பிறவற்றாலும் என்று கொள்ளும் மனச்சாய்வு இத்துறையின் முதன்மையான ஆய்வுப் பொருள்களில் ஒன்று. அதன் ஒரு பாதியைச் சொல்ல முடியாத சொல் கலைச்சொல்லாக நிற்காது.

"கற்பித்தல்" பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். பாடம் கற்பித்தலோடு குழம்பும் என்பது சிறிய குறைதான்; இல்லாததைப் புனைதல் என்ற நிழல் அதில் படிந்திருப்பதே பெரிய குறை. 1958இல் இத்துறைக்கு அடித்தளமிட்ட ஃபிரிட்ஸ் ஹைடர், சாதாரண மனிதரும் அறிவியலாளரைப் போலவே காரணம் தேடுகிறார் என்றார். 1967இல் ஹெரால்ட் கெல்லி அந்தத் தேடலுக்கு ஒரு முறைமை வகுத்தார். ஓர் அலுவலர் ஒருவரிடம் கோபப்படுகிறார் என்றால், பிறரும் அவரிடம் கோபப்படுகிறார்களா, இந்த அலுவலர் மற்றவர்களிடமும் இப்படித்தானா, எப்போதும் இப்படியா அல்லது இன்று மட்டுமா என்று மூன்று வழியில் ஒப்பிட்டுக் காரணத்தை உய்த்துணர்கிறோம் என்பது அவர் கருத்து. இவ்வளவு நிதானமான ஆய்வைப் புனைவின் பெயரால் அழைப்பது அநீதி.

நான் முன்மொழிவது "காரண ஏற்றம்". வினையாகக் "காரணம் ஏற்றுதல்". ஒன்றை ஒருவர்மேல் ஏற்றிச் சொல்லுதல் நம் வழக்கில் உள்ளதே. அணியிலக்கணத்தில் தற்குறிப்பேற்றமும் இருக்கிறது. மதுரை மதிலின்மேல் காற்றில் அசைந்த கொடிகள் கோவலனையும் கண்ணகியையும் வரவேண்டாம் என்று கை காட்டியதாகச் சிலப்பதிகாரம் பாடுகிறது. காற்றின் செயலுக்குப் புலவர் ஒரு மனத்தைத் தருகிறார். 1944இல் ஹைடரும் மேரியான் சிமெலும் இரண்டு முக்கோணங்களும் ஒரு வட்டமும் நகரும் சிறு அசைவுப் படத்தைக் காட்டியபோது, பார்த்தவர்களில் ஏறக்குறைய எல்லோருமே துரத்தல், அச்சம், சண்டை என்று உயிருள்ளவற்றின் கதையாக அதை விவரித்தார்கள். புலவர் அறிந்தே செய்வதை நாம் அறியாமலே செய்கிறோம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஏற்றுதலிலும் புனைவின் நிழல் உண்டே என்று கேட்கலாம். அந்த அணியில் புனைவைக் கொண்டுவருவது "தன் குறிப்பு" என்ற பகுதி, ஏற்றம் அன்று. பொறுப்பை ஒருவர்மேல் ஏற்றும்போது அது சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். தன்னைக் குறித்தும் இச்சொல் இடறாது. அகக்குறிப்புகள் தெளிவற்றிருக்கும்போது, நம் செயலைப் பிறர் பார்ப்பதுபோல் நாமே பார்த்து நம் மனநிலையை ஊகிக்கிறோம் என்ற டாரில் பெம்மின் கோட்பாட்டை விளக்கும்போது "தன்மேல் காரணம் ஏற்றுதல்" என்று தயங்காமல் எழுதலாம். "காரணவேற்றம்" என்று புணர்த்தினால் வேறுபாடு என்ற பொருள் தட்டும். ஆகவே பிரித்தே எழுதுவோம்.

பிறர் செயலுக்குச் சூழ்நிலையைக் குறைத்து மதிப்பிட்டு, அவர் இயல்பையே மிகையாகக் காரணமாகக் கொள்ளும் பிழைக்கு 1977இல் லீ ராஸ் பெயரிட்டார்; அதை "அடிப்படைக் காரண ஏற்றப் பிழை" எனலாம். இப்பிழையைக் காட்டும் ஓர் ஆய்வில், ஃபிடல் காஸ்ட்ரோவை ஆதரித்தோ எதிர்த்தோ எழுதப்பட்ட கட்டுரைகளை உளவியலாளர்கள் ஜோன்ஸும் ஹாரிஸும் மாணவர்களிடம் தந்தார்கள். எந்தப் பக்கம் எழுதுவது என்பது எழுதியவரின் தேர்வு அன்று என்று சொல்லப்பட்ட பின்னும், கட்டுரையின் கருத்தே அவர் மனக்கருத்தாகவும் இருக்கும் என்ற சாய்வு மாணவர்களிடம் நீங்கவில்லை. "அடிப்படை" என்ற அடைமொழியை நீக்கவேண்டும் என்ற கருத்துக்கு வலுவுண்டு. மைசூரின் இந்துக்களையும் அமெரிக்கர்களையும் ஒப்பிட்டு ஜோன் மில்லர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், வயதுவந்த இந்தியர்கள் சூழ்நிலையையே கூடுதலாகச் சுட்டினார்கள். ஆயினும் இப்பிழை மனிதர் எல்லோருக்கும் அடிப்படை என்று ராஸ் வைத்த பெயரில் உள்ள உரிமைகோரலைத் திருத்துவது கலைச்சொல்லாக்குவோரின் வேலை அன்று. அதை மறுப்பவர்கள் தமிழிலும் மறுக்கும்படி அச்சொல் அங்கே இருக்கவேண்டும்.

இன்னும் ஒன்று தீரவேண்டும். தூசி விழுந்து இமை மூடுவதற்கும், நண்பருக்கு ஒன்றை உணர்த்தக் கண் சிமிட்டுவதற்கும் "காரணம்" என்றே சொல்கிறோம். சமூக உளவியலாளர் பெர்ட்ராம் மாலே இவ்விரண்டையும் பிரித்தே ஆராயவேண்டும் என்கிறார். வேண்டுமென்று செய்யும் செயலை விளக்கும்போது, செய்தவரின் நம்பிக்கையும் விருப்பமும் எண்ணத்தில் எடைபோடப்பட்டவையாக அங்கே வந்து நிற்கின்றன. முன்னதைக் "காரணம்" என்றே விட்டுவிட்டுப் பின்னதற்குக் "கருதுகாரணம்" என்ற வினைத்தொகையைப் பரிந்துரைக்கிறேன். "நோக்கம்" இங்கே போதாது. மழை வரும் என்று நம்பிக் குடை எடுத்தவரின் நம்பிக்கை, கருதுகாரணம் ஆகுமே தவிர நோக்கம் ஆகாது.