ஷ்வேபிஷ் வட்டார ஜெர்மனை மும்பையிலிருந்தே பழகுவது எப்படி?

கேள்வி: தாராவி செவிலி

வணக்கம். மும்பையில் ஏழு ஆண்டுகளாகச் செவிலியராகப் பணியாற்றி வருகிறேன். ஜெர்மனில் பி2 என்னும் மேல்-இடைநிலைத் தேர்வு முடித்துவிட்டேன்; இன்னும் நான்கு மாதங்களில் ராய்ட்லிங்கன் நகருக்கு அருகிலுள்ள ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர இருக்கிறேன். சென்ற வாரம் அங்குள்ள மூத்த செவிலியர் காணொளியில் என்னிடம் பேசியதெல்லாம் நன்றாகவே விளங்கியது. ஆனால் இடையில் அறைக்குள் வந்த ஒரு பாட்டியிடம் அவர் திரும்பிப் பேசிய நான்கைந்து வாக்கியங்களில் ஒன்றுகூடப் பிடிபடவில்லை. அது ஷ்வேபிஷ் என்றும், அங்குள்ள முதியவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் பேசுவார்கள் என்றும் அவர் சொன்னார். வலி எங்கே என்று ஒருவர் சொல்வதை நான் தவறாகப் புரிந்துகொண்டால் என்ன ஆகும் என்பதே என் கவலை. எந்தச் சொற்களையும் ஒலிகளையும் முதலில் பழக வேண்டும்? நானும் அப்படிப் பேச வேண்டுமா, புரிந்துகொண்டால் போதுமா?

பதில்: முலுண்டு அக்கா

அன்புத் தங்கைக்கு, ஷ்டுட்கார்ட்டை ஒட்டிய ஒரு சிற்றூரில் ஆறு ஆண்டுகள் இதே வேலையைச் செய்துவிட்டுத் திரும்பியவள் என்பதால் எழுதுகிறேன். உடலைப் பற்றிய சொற்களிலிருந்து தொடங்குங்கள். பாடநூல் ஜெர்மனில் 'ஃபூஸ்' என்றால் பாதம், 'பைன்' என்றால் தொடை முதல் கணுக்கால் வரை. ஷ்வேபிஷில் 'ஃபூஸ்' என்பது இடுப்புக்குக் கீழே உள்ள கால் முழுவதையும் குறிக்கும். நாம் 'கால் வலிக்கிறது' என்று சொல்வதும் அப்படித்தானே! எனவே ஒரு தாத்தா 'ஃபூஸ்' வலிக்கிறது என்றால் பாதத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள், தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். முதுகை 'புக்கல்' என்பார்கள்.

அடுத்தது 'ஹேபன்'. நூல் வழக்கில் இதற்குத் தூக்குவது என்று பொருள், அங்கே பிடித்துக்கொள்வது. தூக்குவதற்கு 'லுப்ஃபன்' என்ற வேறு சொல் இருக்கிறது. படுக்கையிலிருந்து எழும் ஒருவர் தம்மைப் பிடித்துக்கொள்ளும்படி கேட்கும்போது நீங்கள் தூக்க முற்பட்டால் இருவருமே நிலைகுலைய நேரும். நான் இதை முதல் வாரத்திலேயே அறிந்திருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

'டெப்பிஷ்' பாடநூலில் தரைவிரிப்பு, அங்குள்ளவர்களுக்குப் போர்வையும்கூட. முதல் மாதத்தில் ஒரு பாட்டி அந்தச் சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்ல, நான் தரையைப் பார்த்து, விரிப்பு சரியாகத்தான் இருக்கிறது என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார் என்பது கையைத் தொட்ட பிறகே தெரிந்தது. காலைச் சிற்றுண்டிக்கு 'வெக்லெ' என்றால் சிறு ரொட்டி, 'க்ஸெல்ஸ்' என்றால் ஜாம்.

பதில்: மாட்டுங்கா ஜெர்மன் ஆசிரியர்

ஒலிகளைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். சொல்லின் நடுவிலும் இறுதியிலும் வரும் 'ஸ்ட்' பெரும்பாலும் 'ஷ்ட்' ஆகிவிடும். 'ஃபெஸ்ட்' என்பது 'ஃபெஷ்ட்' ஆகும். மிகப் பழகிய வினைகளான 'இஸ்ட்' (இருக்கிறது), 'பிஸ்ட்' (இருக்கிறாய்), 'ஹஸ்ட்' (வைத்திருக்கிறாய்) ஆகியவற்றில் அந்த 'ட்' ஒலியும் உதிர்ந்து 'இஷ்', 'பிஷ்', 'ஹஷ்' என்று நிற்கும். 'இல்லை' என்னும் பொருளுள்ள 'நிஷ்ட்' என்பது 'நெட்' ஆகும், பாடநூலில் 'நான்' என்று பொருள்படும் 'இஷ்' வெறும் 'இ' ஆகும். ஆகையால் 'இஷ்' என்று காதில் விழுந்தால் அது 'நான்' அன்று, 'இருக்கிறது' என்பதாகும். என் மாணவர்கள் மிகுதியாகத் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

நமக்கு எளிதானவையும் உண்டு. நாக்கை முன்னே வைத்து உதட்டைக் குவித்துச் சொல்லும் உயிரொலிகளில் நம் மாணவர்கள் படும் பாடு உங்களுக்குத் தெரியும். ஷ்வேபிஷில் அவற்றுக்கு உதடு குவிவதே இல்லை. அழகு என்று பொருள்படும் 'ஷோன்', இறுதி 'ன்' கரைந்து, மூக்கொலியுடன் 'ஷே' என்று ஒலிக்கும். பேச்சில் 'வந்தான்' என்னும்போது நம் 'ன்' மூக்கோடு கரைந்து போவதைக் கவனித்துப் பாருங்கள். அக்கா குறிப்பிட்ட 'டெப்பிஷ்' சொல்லின் முதல் எழுத்தும் 'பாட்டு' என்பதன் ட்டு போல அழுந்தாது, 'பாடு' என்பதன் டு போல மென்மையாக வரும்.

மும்பை 1968 முதல் ஷ்டுட்கார்ட்டின் சகோதர நகரம் என்றாலும், எங்கள் வகுப்பில் அந்தப் பேச்சைக் கேட்கும் வாய்ப்பு அமைவதில்லை. எனவே தென்மேற்கு ஜெர்மனியின் பொது ஒலிபரப்பான எஸ்.டபிள்யூ.ஆர். நிகழ்ச்சிகளில், உள்ளூர் முதியவர்கள் பேசும் பகுதிகளை இணையத்தில் தேடி, ஒரே பகுதியைப் பலமுறை கேளுங்கள்.

நீங்கள் பேச வேண்டியதில்லை. பொது ஜெர்மனில் தெளிவாகப் பேசினால் அவர்களுக்குப் புரியும், பராமரிப்புப் பதிவேடும் பொது ஜெர்மனில்தான் எழுதப்படும். தாராவியில் வளர்ந்த உங்களுக்கு வீட்டில் நெல்லைத் தமிழும் ஏட்டில் வேறு தமிழும் இயல்பாகவே இருந்திருக்கும், அவர்களுக்கும் அப்படித்தான். அந்தப் பகுதி அமைந்துள்ள பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலமே 1999இல் 'எங்களால் எல்லாம் முடியும், பொது ஜெர்மனைத் தவிர' என்று விளம்பரம் செய்தது. ஆகவே, மெதுவாக மீண்டும் சொல்லும்படி கேட்கத் தயங்காதீர்கள்.

பதில்: டோம்பிவிலி

ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் இது மருந்து நேரத்தைத் தொடும். அங்கே 'டிரைஃபியர்ட்டல் டிரை' (சொல்லுக்குச் சொல் 'முக்கால் மூன்று') என்றால் நம் இரண்டே முக்கால். இங்குள்ள இந்தியில் 'பௌனே தீன்' என்பதைப் போல அடுத்து வரும் மணியைச் சொல்வார்கள். ஆனால் 'ஃபியர்ட்டல் டிரை' ('கால் மூன்று') என்பதை மூன்றே கால் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது இரண்டே கால். மூன்று மணியை நோக்கி முதல் கால் பங்கு கடந்துவிட்டது என்பதே அவர்களுடைய கணக்கு. யாராவது இப்படி நேரம் சொன்னால், 'பதினான்கு மணி பதினைந்து நிமிடமா?' என்று எண்ணில் திருப்பிக் கேட்டு உறுதி செய்த பிறகே எழுதிக்கொள்ளுங்கள்.